தேய்த்துக் கொடுத்த கட்டில்

மழைக்காலத்தில் அந்தப் பட்டறையில் எதுவும் காய்வதில்லை. வெள்ளை அடித்த நாற்காலிகள் கால்களை மேலே தூக்கிக்கொண்டு தரையில் கவிழ்ந்து கிடந்தன. விரல் வைத்தால் ஒட்டியது. முன்கடையில் சரவிளக்கு எரிந்தது. அதன் கீழே வளைகால் சோபாவும், பொன்விளிம்பு நிலைக்கண்ணாடியும், ஆடு மேய்க்கும் பெண்ணை நீலத்தில் அச்சடித்த திரைச்சீலைகளும் யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தன. காலையில் ஒருவர் மழைக்கு ஒதுங்கினார். சும்மா நிற்கக் கூச்சப்பட்டு சோபாவின் விலையைக் கேட்டார். கேட்டதும், மழையே தேவலை என்பதுபோல் இறங்கிப் போய்விட்டார்.

பிரெஞ்சு பாணி மரச்சாமான் விற்கும் கடை அது. முன்பக்கம் கடை, பின்பக்கம் பட்டறை, மாடியில் வீடு. முன்பக்கம் கணவருடையது. பேச்சு அவருக்கு வரும். பின்பக்கம் அவளுடையது. வேலையாட்கள் அவளை அக்கா என்றார்கள். வாடிக்கையாளர்கள் அவளைக் கவனித்ததில்லை.

பாலிஷ்காரர் ஒரு சிறிய அலமாரியை இழுத்துவந்து அவள் முன்னால் நிறுத்தினார்.

"இதுக்கு எவ்ளோ வயசு ஏத்தட்டும்க்கா?"

"ஒரு அம்பது ஏத்துங்க போதும். போன தடவை நீங்க ஏத்துன ஏத்துல கட்டையில போற வயசு வந்துடுச்சு."

"அது மழையில நானே தேய்ஞ்சு போன நேரம்க்கா. கை எனக்கு நிக்கலை."

வயசு ஏத்துவது என்றுதான் அவர்கள் அந்த வேலையைச் சொல்வார்கள். முதலில் மரத்துக்கு ஆழ்ந்த பழுப்பு. அது காய்ந்ததும் விளிம்புகளிலும் வளைவுகளிலும் மெழுகுவத்தியால் தேய்க்க வேண்டும். அதன்மேல் வெள்ளை. வெள்ளை காய்ந்தபின் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால், மெழுகு இருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் உதிர்ந்து அடியில் உள்ள பழுப்பு எட்டிப் பார்க்கும். எங்கோ ஒரு மாளிகையில் தலைமுறை தலைமுறையாகக் கைபட்டுக் கைபட்டு மங்கியதுபோல் இருக்கும். எங்கே தேய்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இழுப்பறையின் பிடியைச் சுற்றி, நாற்காலிக் கையின் நுனியில், மனிதர்கள் நினைக்காமலே தொடும் இடங்களில். இத்தனை வருடத்தில் அவளுடைய விரல் நுனிகளில் ரேகை மங்கிப் போயிருந்தது. ஒருமுறை ஏதோ அலுவலகத்தில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். இயந்திரம் அவளை ஏற்கவில்லை. "இவங்க யாருன்னே தெரியலையாமே" என்று கணவர் அங்கேயே சிரித்தார்.

வயசு ஏத்தாத சாமான் அவர்கள் கண்ணுக்குப் பாதி வேலை. தேய்க்காத பளீர் வெள்ளை நாற்காலியைப் பார்த்தால் அவளுக்குத் துணி உடுத்தாத குழந்தையைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு மாடிக்குப் போனபோது கணவர் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சோறும் முட்டையும் ஆறிக்கொண்டிருந்தன. அவர் கையை வைக்கவில்லை.

"ஒரு விஷயம். சிரிச்சுக்கிட்டே கேளு."

"நீங்க அப்படிச் சொன்னா அழற விஷயமாத்தான் இருக்கும். சொல்லுங்க."

"மாப்பிள்ளை போன் பண்ணாரு. கட்டில் செட்டை மாத்திக்க முடியுமா மாமான்னு கேக்குறாரு."

"கால் ஆடுதா?"

"ஆடலை."

"மூட்டு விட்டுருச்சா? ஈரத்துல விட்டிருக்கும். அவங்க ஜன்னலைத் திறந்து போட்டிருப்பாங்க."

"அட, அதெல்லாம் நல்லாத்தான் இருக்காம்." அவர் முட்டையை இரண்டாகப் பிட்டார். "அவங்க சொந்தக்கார அம்மா ஒருத்தங்க வந்திருக்காங்க. அறையைப் பார்த்துட்டு, பொண்ணு வீட்ல கடையில விக்காததைத் தள்ளி விட்டுட்டாங்களா, பெயிண்டெல்லாம் போயிருக்கேன்னு கேட்டாங்களாம். அதுலேருந்து அவங்க வீட்ல ஒரு மாதிரியா இருக்காம்."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கை கழுவாமலே நின்றாள்.

மகளுக்குக் கல்யாணம் ஆகி ஒரு மாதம் ஆகியிருந்தது. சிட்டு என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். அவளுக்காக ஒரு கட்டில், ஒரு அலமாரி, கண்ணாடி வைத்த மேசை, முக்காலி. இருப்பதிலேயே நல்ல மரம். அந்த செட்டை பாலிஷ்காரரைக்கூட அவள் தொடவிடவில்லை. கடை சாத்தியபிறகு தினமும் தானே உட்கார்ந்து தேய்த்தாள். கட்டிலின் தலைமாட்டு வளைவில், சிட்டு சாய்ந்து உட்கார்ந்து படித்தால் தோள் எங்கே படும் என்று யோசித்துத் தேய்த்தாள். பக்கச் சட்டத்தில், அவள் கால் ஆட்டும்போது குதிகால் இடிக்கும் இடத்தைத் தேய்த்தாள். மேசையின் ஓரத்தில், பொட்டு வைத்தபின் அவள் உள்ளங்கையை ஊன்றும் இடத்தை. மகளிடம் அவள் அதிகம் பேசியவள் இல்லை. சாப்பிட்டியா, குடை எடுத்துக்கிட்டியா, அவ்வளவுதான். மீதியெல்லாம் அந்த உப்புத்தாளில் போயிற்று என்று நினைத்திருந்தாள்.

"நான் போய் சம்பந்தியம்மாகிட்ட எடுத்துச் சொல்றேன்" என்றாள்.

"என்னன்னு சொல்லுவே?"

"இதுதான் விலை அதிகம்னு சொல்லுவேன்."

"அதை நான் சொன்னாலே யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க" என்றார் கணவர். "தினமும் அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

மறுநாள் பேருந்தில் போனாள். மடியில் ஒரு பெரிய படப்புத்தகம். கடையில் வாடிக்கையாளருக்குக் காட்டுவது. மாளிகைகளின் படுக்கையறைகள், மங்கிய வெள்ளைக் கட்டில்கள், ஒவ்வொரு விளிம்பிலும் எட்டிப் பார்க்கும் பழுப்பு. ஜன்னல் வழியே சாரல் அடித்தது. புத்தகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். இவ்வளவு வருடம் வியாபாரத்தில் இருந்தும், விற்கிற பேச்சு அவளுக்கு ஒரு வாக்கியத்துக்குமேல் வரவில்லை.

சம்பந்தியம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு துடைத்துவிட்டதுபோல் இருந்தது. இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு மேசை, ஒரு கடிகாரம். டீயைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து படப்புத்தகத்தைப் பொறுமையாகப் புரட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"இதெல்லாம் ராஜா வீடா சம்பந்தி?"

"ஆமாங்க. அந்தக் காலத்துப் பெரிய வீடுங்க."

"இவ்ளோ பணம் இருந்தும் பெயிண்ட் அடிக்காம விட்டுட்டாங்களே."

அவள் தலைகுனிந்து டீயைக் குடித்தாள். சம்பந்தியம்மா புத்தகத்தை மூடினார்.

"நான் மனசுல வெச்சுக்கிட்டுப் பேசறவ இல்ல சம்பந்தி. எனக்கு இந்த நாகரிகம் தெரியாது. ஆஸ்பத்திரியில கட்டில் தேய்ஞ்சா திருப்பி பெயிண்ட் அடிப்பாங்க, அது மட்டும்தான் தெரியும். கட்டில் நல்லா உறுதியா இருக்கு. நாங்க ஒரு வார்த்தை கேக்கலை. வந்தவங்கதான் வாய் பொறுக்காம, இது பழசான்னு கேட்டாங்க. அவங்க என்னைக் கேக்கலை. உங்க பொண்ணைத்தான் கேட்டாங்க."

"அவ எடுத்துச் சொல்லியிருப்பாளே. பட்டறையிலயே வளர்ந்தவ."

"ஆமா, பழசுதான்னு சொன்னா."

அவள் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நானும் அங்கேதான் நின்னேன்" என்றார் சம்பந்தியம்மா, குரலைத் தணித்து. "கோவமாச் சொல்லலை. மணி என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னா. நீங்க அவகிட்ட பேசுங்க. எங்களைச் சமாதானப்படுத்த வேண்டியதில்ல."

சிட்டு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். மகள் வரும்வரை அவளுடைய அறையில் இருக்கச் சொன்னார்கள். அறைக்குள் நுழைந்ததும் அம்மா அப்படியே நின்றாள். கட்டிலின் மேல் தரை தொடும்படி ஒரு தடித்த போர்வை விரிக்கப்பட்டிருந்தது. தலைமாட்டு வளைவில் துண்டு தொங்கியது. மேசையின் நான்கு ஓரத்தையும் பிளாஸ்டிக் விரிப்பு மறைத்திருந்தது. முக்காலியைக் காணோம். குனிந்து பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தது. அலமாரியைத் திறந்தாள். வெறுமையாக இருந்தது. மகளின் துணிகள் எல்லாம் மூலையில் இரண்டு பயணப் பைகளில் மடித்துக் கிடந்தன.

சிட்டு குடையை உதறிக்கொண்டே வந்தாள். "அம்மா. எப்ப வந்தே? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். ஏன்டி, துணியை இன்னும் அலமாரியில வைக்கலையா?"

"வைக்கணும்."

"ஒரு மாசமாச்சு."

"பழக்கம்மா." சிட்டு ஈரத் துப்பட்டாவை ஜன்னல் கம்பியில் போட்டாள். "நம்ம வீட்ல என்னிக்கு நான் இழுப்பறையில துணி வெச்சிருக்கேன்? ஸ்கூல் விட்டு வந்தா அலமாரி போயிருக்கும். துணி பாயில கொட்டிக் கிடக்கும்."

அது உண்மைதான். மாடி வீடும் கடையின் ஒரு பகுதியாகத்தான் இருந்தது. கீழே இடம் போதாதபோது சாமான்கள் மேலே வரும். சாப்பிடும் மேசை, சோபா, கட்டில், எல்லாம் கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போகும். வீட்டில் வைத்துப் பார்த்தால்தான் வாங்குவார்கள் என்பது கணவரின் கட்சி. வாடிக்கையாளர்கள் செருப்போடு மாடி ஏறி வருவார்கள். 'வைத்தியன் வீட்டு நோவு தீராது, வாத்தியார் வீட்டுக்குப் படிப்பு வராது, நம்ம வீட்டுக்குக் கட்டில் தங்காது' என்று அவர் அதையும் ஒரு வேடிக்கையாக வாடிக்கையாளரிடம் சொல்வார்.

"அதெல்லாம் வியாபாரம்டி. இது அப்படியா? உனக்குன்னே செஞ்சது."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா பழசுன்னு சொன்னே?"

சிட்டு தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். கட்டிலில் உட்காரவில்லை. அம்மாவும் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"ஆறாவது படிக்கிறப்ப எனக்குக் காய்ச்சல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? நான் படுத்திருந்தேன். ஒரு அம்மாவும் அய்யாவும் வந்தாங்க. அந்த அய்யா கட்டில் காலைப் புடிச்சு ஆட்டிப் பார்த்தாரு. அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? ஆள் படுத்திருக்கும்போதே ஆடலை பாருங்கன்னாரு."

"உங்க அப்பாவுக்கு வாய் அப்படி."

"அந்த அம்மா பாவம், குழந்தைக்கு உடம்பு சரியில்ல போலிருக்கே, அப்புறம் வரலாம்னாங்க. இவரு, பரவாயில்ல, அவ எந்திரிப்பான்னாரு. நான் எந்திரிச்சேன்." சிட்டு சிரித்தாள். "நீ வந்து என்னைப் பாயில படுக்க வெச்சே. போர்வையை நல்லா இழுத்து மூடிவிட்டே. ஒண்ணும் சொல்லலை."

அம்மாவுக்கு அந்த நாள் நினைவில்லை. போர்வையை இழுத்து மூடியிருப்பாள். அது மட்டும் நிச்சயம். அப்போது என்ன நினைத்தாள் என்று தேடிப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. களைத்திருந்தாள் என்பது தவிர, அந்த வருடங்களைப் பற்றி அவளுக்கே ஒன்றும் தெரியவில்லை.

"இந்த செட்டை இறக்கினப்ப நான் வாசல்ல நின்னேன்" என்றாள் சிட்டு. "அட்டையைப் பிரிச்சாங்க. எல்லா ஓரமும் தேய்ஞ்சிருந்துச்சு. எனக்கு ஒரு நிமிஷம் யாரோ இதுல இருந்துட்டுப் போயிட்டாங்கன்னு தோணுச்சும்மா. எனக்கு முன்னாடியே. எனக்குத் தெரியும் நீதான் தேய்ச்சேன்னு. ஆனா அப்படித்தான் தோணுச்சு. புதுசா ஒண்ணு வேணும்னு இருந்துச்சு. யாரும் தொடாதது."

"யாரும் தொடலைடி. பாலிஷ்காரரைக்கூட விடலை. நான் மட்டும்தான் தொட்டேன்."

"நீயும் என்னைக் கேக்கலை."

அறைக்கு வெளியே சம்பந்தியம்மா பாத்திரத்தைச் சற்றுச் சத்தமாக வைத்தார். இங்கே நடப்பது என் காதில் விழவில்லை என்று தெரியப்படுத்தும் சத்தம்.

"சரி, வேற வாங்கித் தர்றேன். எந்தக் கடையில வேணும்னு சொல்லு."

"வேண்டாம். கட்டிலைத் திருப்பி அனுப்பினா அதுக்கும் நாலு பேரு பேசுவாங்க. விட்டுடும்மா. நான் பழகிக்கிறேன்."

அந்தச் சொல் இப்போது மகளின் வாயிலும் வந்துவிட்டது. அம்மாவே வாழ்நாள் முழுக்கச் சொன்ன சொல். பெயிண்ட் நெடிக்கு, விற்றுப்போன கட்டிலுக்குப் பதில் பாய்க்கு, முன்கடையில் கேட்கும் கணவரின் சிரிப்புக்கு, பழகிக்கிறேன். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்குத் தெரியும். மூலையில் இருந்த இரண்டு பைகளைப் பார்த்தாள். இந்தப் பெண் இந்த வீட்டிலும் எந்நேரமும் எழுந்திருக்கத் தயாராகத்தான் இருப்பாள்.

அன்று திரும்பி வந்ததும் கணவரிடம் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை போய் எல்லாத்தையும் சுரண்டிட்டு வேற பெயிண்ட் அடிக்கப்போறேன்."

அவர் முன்கடையில் சோபா மெத்தைகளின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுவதை நிறுத்தினார். "உனக்குப் பைத்தியமா? நீ செஞ்சதுலயே அதுதான் நல்ல செட்டு. அதோட படத்தைக் காட்டித்தான் ரெண்டு ஆர்டர் வாங்கியிருக்கேன்."

"படம் இருக்கில்ல. காட்டுங்க."

"மெழுகு போட்டதும்மா அது. மேல பெயிண்ட் நிக்காது, உனக்குத் தெரியாததா?"

"டர்பன்டைன் போட்டுத் துடைச்சா நிக்கும்."

"அவ்ளோத்தையும் நீ துடைப்பியா? ஒரு வார்த்தை அவகிட்ட எடுத்துச் சொன்னா முடியுற விஷயம். நம்ம பொண்ணுக்கே நம்ம சரக்கு புடிக்கலைன்னா வெளியில எப்படிம்மா விக்கிறது?"

அந்தக் கடைசிக் கேள்வியில் வியாபாரம் மட்டும் இல்லை என்று அவளுக்குப் பட்டது. அவர் முகம் சட்டென்று முதுமையாகத் தெரிந்தது. யாரும் தேய்க்காமலே.

"அவ காய்ச்சல்ல படுத்திருந்தப்ப கட்டிலை வித்தோமாம்" என்றாள்.

"எப்ப?"

"எனக்கும்தான் ஞாபகமில்ல."

அவர் மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு வளைகால் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். விற்பனைக்கு இருக்கும் சோபாவில் அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. "அடுத்த நாளே வேற கட்டில் மேல ஏத்துனேனே" என்றார். பிறகு மெத்தையின் நூலைப் பிடுங்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. பாலிஷ்காரர் தானும் வருவதாகச் சொன்னார். "வயசு குறைக்கிற வேலை நமக்குப் புதுசுக்கா. அதைக் கத்துக்கிட்டா ஊர்ல பாதிப் பேரு நம்ம கடை வாசல்ல நிப்பாங்க." அவள் சிரித்தாள். நீங்கள் இருங்கள் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள்.

மாப்பிள்ளை சாமான்களை அறையின் நடுவுக்கு நகர்த்திக் கொடுத்தார். தனக்குப் பெயிண்ட் வாடை ஆகாது என்று மன்னிப்புக் கேட்பதுபோல் சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். அவள் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தாள். பழந்துணியை டர்பன்டைனில் நனைத்து, தலைமாட்டு வளைவிலிருந்து தொடங்கினாள். மெழுகு கரைந்து துணியில் பழுப்பாக வந்தது. தோள் படும் இடம். குதிகால் இடிக்கும் இடம். உள்ளங்கை ஊன்றும் இடம். எதை எங்கே வைத்தோம் என்று அவளுக்குத் தெரிந்ததால் ஒன்றையும் விடாமல் துடைக்க முடிந்தது. கண் எரிந்தது. சம்பந்தியம்மா மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு ஆஸ்பத்திரி முகமூடி ஒன்றைக் கொண்டுவந்து, கேட்காமலே அவள் காதில் மாட்டிவிட்டார்.

"எவ்ளோ நாள் வேலை சம்பந்தி இதைத் தேய்ச்சது?"

"இருக்கும். எண்ணலை."

"மனசு கேக்குதா?"

அவள் துணியை மடித்து மறுபக்கம் நனைத்தாள். "கேக்கலை. கையைத்தான் கேக்க வெக்கிறேன்."

மத்தியானத்துக்குள் சிட்டுவும் புடவையைச் செருகிக்கொண்டு உப்புத்தாளை எடுத்துக்கொண்டாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, மேடும் பள்ளமும் சமமாகும்வரை கட்டிலின் இரு பக்கங்களையும் தேய்த்தார்கள். வெள்ளைப் பொடி இருவர் புருவத்திலும் படிந்தது. இடையில் ரொட்டியும் டீயும் வந்தன. பிறகு நிறத்துக்கு முன் அடிக்கும் ப்ரைமர் ஒரு பூச்சு. சாயங்காலம் அறையில் இருந்தது எந்தக் காலத்தையும் சேராத ஒரு சாம்பல் நிறக் கட்டில்.

அவள் பையிலிருந்து நிற அட்டையை எடுத்து மகளிடம் கொடுத்தாள். விசிறிபோல் விரியும் அட்டை.

"எந்த நிறம் வேணும்?"

சிட்டு முதலில் வெள்ளைகளைப் பார்த்தாள். பால் வெள்ளை, முத்து வெள்ளை, தந்த வெள்ளை. அம்மாவுக்கு அவை எல்லாம் மனப்பாடம். எதில் மஞ்சள் அதிகம், எது மாலை வெளிச்சத்தில் அழுக்காகத் தெரியும், எதற்கு எந்தத் திரைச்சீலை சேரும். நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கினாள்.

"நீயே சொல்லேம்மா."

"நான் சொல்ல மாட்டேன்."

"எனக்கு என்ன புடிக்கும்னு எனக்கே தெரியலை." சிட்டு உண்மையாகவே திகைத்துப்போயிருந்தாள். அறைக் கதவுப் பக்கம் திரும்பி, "அத்தை, உங்களுக்கு எது புடிக்குது?" என்று கேட்டாள்.

"நான் கண்ணை மூடிக்கிட்டுத் தூங்கறவ. என்னைக் கேக்காதே" என்றார் சம்பந்தியம்மா உள்ளிருந்து.

சிட்டு அட்டையை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இதழாகத் திருப்பினாள். ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். அம்மா அவசரப்படுத்தவில்லை. முதுகைச் சுவரில் சாய்த்து, மரத்துப்போன விரல்களை மடக்கி மடக்கி நீட்டினாள். வெகுநேரம் ஆயிற்று.

கடைசியில் மகளின் விரல் ஓரிடத்தில் நின்றது. கிளிப்பச்சை.

கிளிப்பச்சையில், செதுக்கிய மலர்களும் வளைந்த கால்களும் கொண்ட ஒரு பிரெஞ்சுக் கட்டில். அவள் முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு அந்தச் சதுரத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா" என்றாள் சிட்டு, அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த நிறத்துல ஒரு கட்டில் நம்ம கடையில இருந்தா, யாராவது வாங்குவாங்களா?"

அவள் வியாபாரியாகவே யோசித்தாள். நேர்மையாக, எல்லா வாடிக்கையாளர்களையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்து யோசித்தாள்.

"ஒருத்தரும் வாங்க மாட்டாங்க."

"சும்மா குடுத்தா?"

"சும்மா குடுத்தாக்கூட எடுத்துட்டுப் போக மாட்டாங்கடி."

"அப்ப இதுவே" என்றாள் சிட்டு.

அம்மா சுவரைப் பிடித்து எழுந்து, தெருமுனைக் கடை மூடுவதற்குள் பெயிண்ட் வாங்கிவர, செருப்பைத் தேடினாள்.